நிகழ்வெல்லை இல்லாத பொருளும் கருந்துளையைப் போல ஒலிக்கும்: ஒரு கணினிச் செய்முறைப் பதிவு

நிகழ்வெல்லையே (ஒளிகூடத் திரும்பி வர முடியாத எல்லையே) இல்லாத ஒரு செறிந்த பொருள் முதலில் கருந்துளையைப் போலவே அதிர்ந்து அடங்குவதையும், சற்று நேரம் கழித்து அந்த அதிர்வை எதிரொலியாகத் திருப்பி அனுப்புவதையும் என் மடிக்கணினித் திரையில் இப்போது தெளிவாகப் பார்க்க முடிகிறது. முதல் எதிரொலி தாளில் கணக்கிட்டு வைத்திருந்த இடத்திலேயே வந்து நிற்கிறது. கணிப்புக் கட்டத்தின் (அலையைக் கணிக்கும் புள்ளி வரிசையின்) இடைவெளியைப் பாதியாக்கினாலும் அது நகரவில்லை. இங்கு வந்து சேர்ந்த வழியை, எந்தக் கட்டத்தில் எது தடுத்தது, எதற்குப் பணம் போனது என்பவற்றோடு வரிசையாக எழுதி வைக்கிறேன். உயர்தர இணைந்த கணிதம் படித்து, பைதன் மொழியில் ஓரளவு பழக்கமுள்ள எவரும் இதை மீண்டும் செய்து பார்க்கலாம்.

2019 ஏப்ரல் 10 அன்று வெளியான எம் 87 பேரடையின் மையக் கருந்துளைப் படத்தை வகுப்பில் காட்டும்போதெல்லாம், நடுவிலுள்ள இருண்ட வட்டம்தான் நிகழ்வெல்லை என்று மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது உண்மையில் அதற்கு வெளியே இருக்கும் ஒளி வளையம், அதாவது ஒளியே வட்டப்பாதையில் சுற்றிவரக்கூடிய இடம். ஈர்ப்பலையிலும் இதுதான் நிலை. 2015 செப்டெம்பர் 14 அன்று ஈர்ப்பலைகளை அளக்கும் லைகோ கருவிகள் பதிந்த, இரு கருந்துளைகளின் மோதலின் முடிவில் தெரியும் அடங்கல் அதிர்வு, ஒளி வளையத்தை அண்டிய பகுதியின் குரலே. அப்படியானால் ஒளி வளையத்துக்கு உள்ளே, ஆனால் நிகழ்வெல்லைக்குச் சற்று வெளியே, மேற்பரப்பு ஒன்று இருந்தால் அந்த முதல் அதிர்வைக் கொண்டு அதைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது என்று கார்டோசோ, பிரான்சின், பானி ஆகியோர் 2016இல் காட்டினார்கள். அதை வாசித்து ஒப்புக்கொள்வதோடு நின்றுவிடாமல், சமன்பாட்டை நானே தீர்த்துப் பார்க்க விரும்பினேன்.

அளவுகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். திணிவை ஈர்ப்பு மாறிலியால் பெருக்கி ஒளி வேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஒரு நீளம் கிடைக்கும். சூரியனுக்கு அது ஏறத்தாழ 1.48 கிலோமீற்றர். அந்த நீளத்தையும், அதைக் கடக்க ஒளிக்கு எடுக்கும் நேரத்தையும் கீழே 'அலகு' என்றே குறிக்கிறேன். சூரியனுக்கு ஓர் அலகு நேரம் 4.93 மைக்குரோசெக்கன். சுழலாத கருந்துளையின் நிகழ்வெல்லை 2 அலகு ஆரையிலும், ஒளி வளையம் 3 அலகு ஆரையிலும் இருக்கின்றன.

கருவி என்று சொல்ல ஒரு பழைய மடிக்கணினிதான். நான்கு உட்கருக்களும் 8 கிகாபைட் நினைவகமும் கொண்டது. திருகோணமலை ஏகாம்பரம் வீதியில் 68,000 ரூபாய்க்கு வாங்கினேன். வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் உவர்மலை வீட்டின் மாடி அறையில் வைத்து ஓட்டியபோது செயலியின் வெப்பம் 94 பாகையைத் தொட்டது. அதன்பின் இயந்திரம் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. கடைத் தம்பி அடிமூடியைக் கழற்றிக் காட்டினார். வெப்பம் கடத்தும் செப்புத் தகடுகளின் ஓரமெல்லாம் பச்சை படிந்து, விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையில் தூசி கம்பளித் துணிபோல் இறுகிக் கிடந்தது. "சேர், கடல் காத்து நேரா அடிக்கிற யன்னலுக்குப் பக்கத்தில வைக்காதீங்க" என்றார். தூசியை எடுத்து, 750 ரூபாய்ப் பசையைப் புதிதாகப் பூசியதும் வெப்பம் 76 பாகைக்கு இறங்கியது. மழைக்கால மின்வெட்டைச் சமாளிக்க 13,500 ரூபாய்க்குப் புதிய மின்கலம் ஒன்றும் போட்டேன். செலவில் பெரும்பகுதி இவ்வளவே. மென்பொருளுக்கு ஒரு சதமும் ஆகவில்லை. பைதனும் அதன் நம்பை, சைபை நூலகங்களும் இலவசமானவை.

முதலில் எடுத்துக்கொண்டது போசான் விண்மீன். திணிவுள்ள புலம் ஒன்று தன் ஈர்ப்பாலேயே கட்டுண்டு நிற்கும் இந்தக் கருதுகோள் பொருளை 1968இல் கௌப்பும், 1969இல் ருஃபினியும் பொனசோலாவும் ஆராய்ந்தார்கள். அதற்கு மேற்பரப்பும் இல்லை, நிகழ்வெல்லையும் இல்லை. மையத்தில் புலத்தின் மதிப்பைத் தேர்ந்துகொண்டு, புலம் அதிரும் மீடிறனை ஊகித்து, சமன்பாடுகளை மையத்திலிருந்து வெளிநோக்கித் தீர்த்துக்கொண்டு போக வேண்டும். சிறு சிறு படிகளாகத் தீர்க்கும் நான்காம் வரிசை ரூங்கே-குட்டா முறையைப் பயன்படுத்தினேன். மீடிறன் சற்றுப் பிசகினாலும் புலம் தொலைவில் மேலே எகிறிவிடும், அல்லது பூச்சியத்தைக் கடந்து கீழே பாய்ந்துவிடும். இவ்விரு நடத்தைகளுக்கும் இடைப்பட்ட மதிப்பை இருகூறாக்கி இருகூறாக்கி நெருங்க வேண்டும். ஏறத்தாழ ஐம்பது முறை கூறாக்கியதும் கணினியின் பதினாறு இலக்கத் துல்லியம் தீர்ந்துபோகும். அதற்கு மேல் எவ்வளவு முயன்றாலும் புலம் ஏதோ ஓர் ஆரையில் எகிறவே செய்யும். எகிறத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னரே வெட்டி, அங்கிருந்து அடுக்குக்குறி வேகத்தில் தேயும் வாலை ஒட்டவைப்பதே இதற்குச் செய்யக்கூடியது. மையத்தில் ஆரையால் வகுக்கும் உறுப்புகள் இருப்பதால், பூச்சியத்தில் தொடங்காமல் மிகச் சிறிய ஆரை ஒன்றில் தொடர் விரிவைக் கொண்டு தொடங்க வேண்டும்.

இந்தக் கணிப்பு நன்றாகவே முடிந்தது. மையப் புலத்தை மாற்றி மாற்றித் திணிவை வரைந்தால் வரைபு ஏறி, உச்சத்தைத் தொட்டு, இறங்குகிறது. பிளாங்கு திணிவின் வர்க்கத்தைத் துணிக்கையின் திணிவால் வகுத்துக் கிடைக்கும் அளவில் உச்சம் 0.633; நூல்களில் உள்ள எண்ணும் அதுவே. 30 சூரியத் திணிவுள்ள விண்மீன் வேண்டுமென்றால் துணிக்கையின் திணிவு ஏறத்தாழ 2.8 × 10⁻¹² இலத்திரன் வோல்ற்று இருக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. ஆனால் என் நோக்கத்துக்கு இந்த விண்மீன் உதவவில்லை. உச்சத் திணிவிலும் அதன் 99 சதவீதத் திணிவை அடக்கும் ஆரை 12 அலகுக்கும் அதிகம்; ஒளி வளையம் உருவாக 3 அலகுக்குள் திணிவு சுருங்க வேண்டும். உள்ளே அனுப்பிய துடிப்பு எதிலும் சிக்காமல் மறுபக்கம் வெளியேறிவிடும். தன்னிடைத் தாக்கம் வலுவான வேறு வகைப் போசான் விண்மீன்கள் போதிய அளவு செறியக்கூடியவை. எனினும் ஒளி வளையம் என்ன செய்கிறது என்பதைத் தனியே பார்க்க அவ்வளவு சிக்கல் தேவையில்லை என்று முடிவு செய்தேன்.

ஆகவே இரண்டாம் கட்டத்தில் பொருளின் உள்ளமைப்பை விட்டுவிட்டு, வெளியே சுழலாக் கருந்துளையின் வெளியை அப்படியே வைத்து, நிகழ்வெல்லைக்குச் சற்று மேலே ஒரு தெறிக்கும் சுவரை மட்டும் நிறுத்தினேன். இங்கே தீர்க்க வேண்டியது ரெஜ்ஜேயும் வீலரும் 1957இல் தந்த ஒற்றைப் பரிமாண அலைச் சமன்பாடு. அதில் ஈர்ப்பு ஒரு தடுப்பு மேடாக வருகிறது. முதன்மையான அதிர்வு வகைக்கு அந்த மேட்டின் உயரத்தைக் கணிப்பது எளிது: 6 ஐ ஆரையின் வர்க்கத்தால் வகுத்து, அதிலிருந்து 6 ஐ ஆரையின் கனத்தால் வகுத்ததைக் கழித்து, விடையை (1 − 2/ஆரை) என்ற காரணியால் பெருக்க வேண்டும். உச்சி 3.28 அலகு ஆரையில் இருக்கிறது, உயரம் 0.151. ஆரைக்குப் பதிலாக ஆமை ஆள்கூறு எனப்படும் நீளத்தைப் பயன்படுத்துவார்கள்: ஆரையோடு, (ஆரை/2 − 1) என்பதன் இயற்கை மடக்கையின் இருமடங்கைக் கூட்டினால் அது கிடைக்கும். நிகழ்வெல்லை இந்த ஆள்கூற்றில் எதிர் முடிவிலிக்குப் போய்விடும்.

சுவரைப் போடுவதற்கு முன் சுவரில்லாத கருந்துளையை ஒலிக்க வைத்துப் பார்ப்பது கட்டாயம். பெங்களூரில் ஜவாஹர்லால் நேரு கோளரங்கத்தை உருவாக்கிய விஸ்வேஸ்வரா 1970இல் செய்தது இதைத்தான்: கருந்துளையை நோக்கி ஒரு துடிப்பை அனுப்பி, திரும்பி வருவது என்ன என்று பார்த்தார். ஆமை ஆள்கூறு 20 இல், 2 அலகு அகலமுள்ள காவுசுத் துடிப்பு (மணி வடிவத் துடிப்பு) ஒன்றை உள்நோக்கி ஏவி, 50 இல் ஒரு பதிவிடத்தை வைத்தேன். கட்ட இடைவெளி 0.1 அலகு, நேரப்படி 0.05 அலகு; நேரப்படி கட்ட இடைவெளியைவிடப் பெரிதானால் சில நூறு படிகளுக்குள் எல்லா எண்களும் வெடித்துவிடும். துடிப்பு மேட்டை அடைந்து திரும்ப 65 அலகு நேரம் ஆக வேண்டும் என்பது எளிய கூட்டல். அந்த நேரத்தை ஒட்டியே தணியும் அதிர்வு பதிவிடத்துக்கு வந்தது. வீச்சத்தின் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் உச்சிகள் ஒரு நேர்கோட்டில் இறங்குகின்றன. கோட்டின் படித்திறன் தணிவையும், உச்சிகளின் இடைவெளி கோண மீடிறனையும் தரும். எதிர்பார்க்க வேண்டிய எண்கள் மீடிறனுக்கு 0.37367 உம் தணிவுக்கு 0.08896 உம்; எனக்கு 0.3736 உம் 0.0890 உம் கிடைத்தன. நேர்கோட்டின் தொடக்கத்தை வெகு முன்னால் வைத்தால் துடிப்பின் நேரடிப் பகுதி கலந்து தணிவு பிழையாக வரும். வெகு பின்னால் வைத்தால், மெதுவாகத் தேயும் பிந்திய வால் வந்து கோட்டை மடக்கிவிடும். நடுவிலுள்ள நான்கைந்து உச்சிகளை மட்டும் எடுப்பதே சரியாக இருந்தது.

இந்த இடத்தில் ஒரு பொய் எதிரொலி வெகுநேரம் ஏமாற்றியது. சுவர் வைத்த முதல் ஓட்டத்தில், 265 அலகு நேரத்தில் அழகான ஓர் அதிர்வுக் கொத்து தெரிந்தது. உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி வரைபைப் பார்த்துவிட்டு, "சேர், இது வெளிப்பக்க விளிம்பில பட்டுத் திரும்பினதா இருக்காதா?" என்று கேட்டாள். கட்டத்தின் வெளி விளிம்பை அப்போது 150 இல் முடித்திருந்தேன். பதிவிடத்திலிருந்து அங்கு போய்த் திரும்ப 200 அலகு, முதல் அதிர்வின் 65 ஐச் சேர்த்தால் 265. விளிம்பை 250 க்கு நகர்த்தியதும் அந்தக் கொத்து 465 க்குப் போய்விட்டது. சுவரே இல்லாத கருந்துளை ஓட்டத்திலும் அது இருந்தது. அதன்பின் விளிம்பில் எந்த நுட்பமும் செய்யாமல், விளிம்பை 1,000 அலகில் வைத்து, அங்கிருந்து எதுவும் திரும்பி வருவதற்குள் 1,500 அலகு நேரத்தில் ஓட்டத்தை நிறுத்திவிடுகிறேன். இதனால் ஏறத்தாழ 10,000 புள்ளிகளும் 30,000 நேரப்படிகளும் ஆகின்றன. புள்ளி புள்ளியாகச் சுற்றும் நிரலுக்கு இது கால் மணிநேரத்துக்கும் மேல் எடுத்தது. முழு வரிசையையும் ஒரே கட்டளையில் கையாளும்படி நம்பையில் மாற்றி எழுதியதும் சில செக்கன்களில் முடிந்தது. இதைச் செய்பவர்கள் இயந்திரத்துக்குப் பணம் போடுவதற்கு முன் நிரலை மாற்றி எழுதிப் பார்க்க வேண்டும்.

மிகக் கடினமான தடை சுவரை நிகழ்வெல்லைக்கு அருகே கொண்டுபோனபோது வந்தது. ஒவ்வொரு கட்டப் புள்ளிக்கும் ஆமை ஆள்கூற்றிலிருந்து ஆரையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஊகத்தைத் திருத்தித் திருத்தி விடையை நெருங்கும் நியூற்றன் முறையில் ஆரையை நேரடியாகத் தேடினால், எல்லைக்கு அருகில் ஒரே தாவலில் விடை 2 க்குக் கீழே போய்விடும். எதிர் எண்ணின் மடக்கை கேட்கப்பட்டு, வரிசை முழுவதும் 'எண் அல்ல' என்ற விடையால் நிரம்பிவிடும். தாவலைக் கட்டுப்படுத்தினாலும் வேறொரு சிக்கல் இருந்தது. சுவர் எல்லைக்கு மேலே, எல்லை ஆரையின் 10⁻¹² பங்கு தொலைவில் இருக்கும்போது ஆரை 2.000000000002 என்று சேமிக்கப்படுகிறது; அதிலிருந்து 2 ஐக் கழித்தால் நம்பக்கூடியதாக நான்கு இலக்கங்களே மிஞ்சுகின்றன. 10⁻¹⁷ க்குப் போனால் எதுவும் மிஞ்சாது; கணினிக்கு அந்தச் சுவர் நிகழ்வெல்லையேதான்.

தீர்வு, ஆரையை மறந்துவிட்டு எல்லையிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறோம் என்பதையே மாறியாக வைத்துக்கொள்வது. ஆரையை 2 ஆல் வகுத்து 1 ஐக் கழித்தால் வருவதை விலகல் என்று கொண்டால், விலகலையும் அதன் மடக்கையையும் கூட்டினால் ஆமை ஆள்கூற்றின் பாதியிலிருந்து 1 ஐக் கழித்தது கிடைக்கும். இதற்கு இலம்பேர்ட் சார்பு நேரடி விடை தருகிறது. சைபையில் அது ஆயத்தமாக இருக்கிறது. மேட்டின் உயரத்துக்குத் தேவையான (1 − 2/ஆரை) என்ற காரணி, விலகலை (1 + விலகல்) ஆல் வகுத்தது என்று மாறிவிடுவதால் கழித்தலே இல்லை, இலக்கமும் தொலைவதில்லை. நிரலில் மாறியது நான்கு வரிகள்தான். அந்த மாற்றத்துக்குப் பிறகு 10⁻⁴⁰ பங்கு நெருக்கத்திலும் சுவரைத் தயங்காமல் நிறுத்த முடிந்தது. வெளிப்பக்கத்தில் மட்டும் ஒரு கவனம் வேண்டும்: ஆமை ஆள்கூறு 1,420 ஐத் தாண்டினால் இலம்பேர்ட் சார்புக்குக் கொடுக்கும் அடுக்குக்குறி எண் கணினியின் வரம்பை மீறி முடிவிலியாகிவிடும். 2,000 அலகு வரை நீட்டிப் பார்த்தபோது இதைக் கண்டேன். அந்தப் பகுதியில் விலகலையே நியூற்றன் முறையால் தேடினால் போதும். அங்கே அது மிக நன்றாக ஒருங்குகிறது.

இனி விளைவுகள். சுவர் 10⁻⁶ பங்கு தொலைவில் இருந்தபோது, கருந்துளை ஓட்டத்தையும் சுவர் ஓட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தேன். 65 அலகில் தொடங்கும் முதல் அதிர்வில் இரு கோடுகளும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. கருந்துளையின் கோடு அடங்கிப் போக, மற்றது 120 ஐ ஒட்டி மறுபடி எழுந்தது. சுவரிலிருந்து ஒளி வளையம் வரையான ஆமைத் தூரத்தின் இருமடங்கு 54.5 அலகு; மேட்டின் உச்சி வரை எடுத்தால் 56. கிடைத்த தாமதம் இவ்விரண்டுக்கும் இடையிலேயே இருந்தது. அடுத்தடுத்த எதிரொலிகள் மெலிவதோடு அகன்றும், தாழ்ந்த மீடிறனுக்கு இறங்கியும் வருகின்றன. உயர்ந்த மீடிறன்கள் மேட்டைத் தாண்டி முதலிலேயே வெளியேறிவிடுகின்றன, தாழ்ந்தவை சுவருக்கும் மேட்டுக்கும் இடையில் அடைபட்டு மெல்ல மெல்லக் கசிகின்றன. சுவரை 10⁻² பங்குக்கு உயர்த்தியபோது தாமதம் 17.6 அலகாகச் சுருங்கியது. அதிர்வின் ஒரு சுற்றுக்கே 16.8 அலகு ஆவதால், எதிரொலியைத் தனியாகப் பிரிக்கவே முடியாமல் முதல் அதிர்வே சிதைந்து தெரிந்தது. கருந்துளையாக வேடமிடுவதற்கு எல்லைக்கு வெகு அருகே போவது அவசியம் என்பதை இந்த வரைபே காட்டிவிட்டது.

விலகலைப் பத்தில் ஒன்றாக்கும் ஒவ்வொரு முறையும் தாமதம் 9.2 அலகு மட்டுமே கூடுகிறது. இந்த மெதுவான ஏற்றத்தில்தான் என் மனம் நெடுநேரம் நின்றது. 2015இல் பதிவான மோதலில் எஞ்சியது ஏறத்தாழ 62 சூரியத் திணிவு. சுழற்சியை விட்டுவிட்டால் அதற்கு ஓர் அலகு 0.305 மில்லிசெக்கன். சுவர் 10⁻⁶ பங்கில் இருந்தால் எதிரொலி 17 மில்லிசெக்கன்களில் வரும். பிளாங்கு நீளம் என்ற, இயற்பியல் அறிந்த மிகச் சிறிய அளவுக்குச் சுவரை நெருக்கினாலும் தாமதம் 0.11 செக்கன்தான். கற்பனைக்கெட்டாத அந்த நெருக்கத்தின் அடையாளம், ஒரு கண்ணிமைப்புக்குள் அடங்கும் நேரத்தில் வந்துவிட வேண்டும். லைகோ தரவுகளில் அத்தகைய எதிரொலி தெரிவதாக அபேடி, டைக்கார், அஃப்ஷோர்டி ஆகியோர் 2016இல் எழுதினார்கள். பின்னர் அதே தரவை ஆராய்ந்த பிறர் அதன் நம்பகம் குறைவு என்று கண்டார்கள்.

முழுமையாகத் தெறிக்கும் சுவர் மிகையான கருதுகோள் என்பதால், பகுதியாகத் தெறிக்கும் சுவரையும் முயன்றேன். சுவரில் அலையைப் பூச்சியமாக்குவதற்குப் பதிலாக, அதன் நேர வீதத்தை இட வீதத்தின் ஒரு பங்குக்குச் சமமாக்க வேண்டும். அந்தப் பங்கு 1 ஆனால் எதுவும் திரும்பாது, கருந்துளையே. பூச்சியமானால் முழுத் தெறிப்பு. மூன்றில் ஒன்றானால் பாதி வீச்சம் திரும்பும். மூன்றில் ஒன்றை வைத்து ஓட்டியபோது முதல் எதிரொலி முன்னிருந்ததில் பாதியாகவும், இரண்டாவது கால்வாசியாகவும், மூன்றாவது எட்டில் ஒன்றாகவும் குறைந்தன. நிரல் சரியாக வேலை செய்கிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த மிக உறுதியான சான்று இதுவே.

மறுபடி தொடங்கினால் விலகல் என்ற மாறியை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்வேன். கட்டத்தைச் சுவரிலிருந்து வெளிநோக்கி எண்ணுவேன், அப்போதுதான் சுவர் சரியாக ஒரு புள்ளியின்மேல் விழும். ஒவ்வோர் ஓட்டத்திலும் மொத்தச் சக்தியையும் பதிவேன்: முழுத் தெறிப்புச் சுவரில் அது மாறாமல் இருக்க வேண்டும், மாறினால் வரைபைப் பார்க்காமலே பிழையை அறியலாம். சுழற்சியைச் சேர்ப்பது பெரிய வேலை. முழுமையாகத் தெறிக்கும் சுழலும் பொருள் நிலையற்றுப்போகும் என்பதால் அங்கே பகுதித் தெறிப்பு தவிர்க்க முடியாதது. அதற்கு முன், சுவரை எடுத்துவிட்டு உண்மையான உள்ளமைப்புள்ள பொருள் ஒன்றை வைக்கப் போகிறேன். சீரான அடர்த்தியுள்ள விண்மீன் 2.25 அலகு ஆரை வரை மட்டுமே சுருங்க முடியும்; அடர்த்தி வெளிநோக்கிக் கூடாத எந்த விண்மீனுக்கும் இந்த எல்லை பொருந்தும் என்று பக்டால் 1959இல் நிறுவியிருக்கிறார். அலை உள்ளே புகுந்து, மையத்தைக் கடந்து, மறுபடி ஒளி வளையத்துக்கு வர எடுக்கும் நேரத்தை 2.26 அலகு ஆரையுள்ள விண்மீனுக்குத் தாளில் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறேன்; அந்த எண் கையில் வந்த பிறகே நிரலை ஓட்டுவேன்.